மூன்று குறையுள்ள புது சைக்கிள்

அநியாயம் நடந்தது செண்பகவல்லிக்கு. இணைய ஏலத்தில் அவள் எடுத்த புத்தம்புது சைக்கிளை, விற்றவர்களே அவள் கண் முன்னால் உடைத்தார்கள். ஏமாற்றுவதற்காக அல்ல. ஏமாற்றிவிட்டார்கள் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்பதற்காக. திருடனிடம் பறிகொடுத்தவளுக்குப் புகார் கொடுக்க ஒரு காவல் நிலையமாவது இருக்கிறது. யோக்கியனிடம் பறிகொடுத்தவள் எங்கே போவாள், நீங்களே சொல்லுங்கள்.

செண்பகவல்லி சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுதிக்கும் கல்லூரிக்கும் ஐந்து கிலோமீட்டர். காலை பஸ் விடுதிப் பக்கம் நிற்பதும் நிற்காததும் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. இப்படி முதல் வகுப்பு ஒவ்வொன்றாகப் போய், அவளுடைய வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இன்னும் ஒரே ஒரு வகுப்பு போனாலும் பரீட்சை எழுத முடியாது.

அந்த நேரத்தில்தான் 'ஏலக்கூடை' என்ற தளத்தில் வானநீல நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் பார்த்தாள். படத்தில் பளபளவென்று இருந்தது. கீழே, 'மணி அடிக்காது. பின் பிரேக் பிடிக்காது. சீட் கிழிசல்' என்று எழுதியிருந்தது. குறையை இப்படி உடைத்துச் சொல்கிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று அறைத்தோழிகளிடம் ஒரு மணி நேரம் வாதாடி ஜெயித்துவிட்டு ஏலம் கேட்டாள். ஏலமும் அவளுக்கே விழுந்தது. நேரிலேயே வாங்கி வரலாம் என்று சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொட்டாப்புளியூருக்குக் கிளம்பினாள்.

கொட்டாப்புளியூரில் உத்தண்டி, அவன் தம்பி சடையன், உத்தண்டியின் மனைவி காத்தாயி என்று மூன்று பேர். ஜவுளிக்கடைக் குலுக்கலில் காத்தாயிக்கு விழுந்த சைக்கிள் அது. மூன்று பேருக்கும் ஓட்டத் தெரியாது. ஆகவே விற்பது என்று முடிவானது. சைக்கிளில் ஒரு குறையும் கிடையாது. வந்த வினையே அதனால்தான்.

தளத்தின் படிவத்தில், 'பொருளின் குறைகளை மறைக்காமல் எழுதவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமனே விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

"'இல்லை'ன்னு எழுதிடலாமா?" என்றாள் காத்தாயி.

"பேரை எழுதுன்னு கேட்டா 'இல்லை'ன்னு எழுதுவீங்களா அண்ணி? குறையை எழுதுன்னா குறையைத்தான் எழுதணும்" என்றான் சடையன்.

"இல்லாத குறையை எழுதினா பொய்யாயிடுமேடா" என்று உத்தண்டி நெற்றியைத் தேய்த்தான்.

"எழுதறப்பதாண்ணே பொய். கைக்குக் கை மாறறதுக்குள்ள உண்மையாக்கிட்டா?"

வாசலில் நின்ற தபால்காரரின் சைக்கிளைச் சுற்றி வந்து, அதில் இருந்த குறைகளை அப்படியே பார்த்து எழுதினார்கள்.

செண்பகவல்லி போய்ச் சேர்ந்தபோது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சடையன் மணியைக் கழற்றி உள்ளே களிமண் அடைத்துக்கொண்டிருந்தான். பின் பிரேக் கம்பி ஏற்கெனவே அறுபட்டுத் தொங்கியது. உத்தண்டி காய் நறுக்கும் கத்தியோடு சீட்டுக்கு எதிரே குந்தியிருந்தான்.

"ஐயோ, நிறுத்துங்க. என்ன பண்றீங்க?"

"யாரும்மா நீங்க?"

"இந்த சைக்கிளை ஏலத்துல எடுத்தவ."

"அட, வாங்க, உக்காருங்க. இன்னும் ஒரே ஒரு குறைதான் பாக்கி. பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துடறோம்."

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் செண்பகவல்லிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் இரண்டு கோப்பை வாங்கியவள் அவள். நேராக நிமிர்ந்தாள்.

"வாங்கறவ நான். குறையில்லாத சைக்கிளைக் குடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்லை. போதுமா?"

"அதெப்படிம்மா? நீங்க கேட்டது குறையுள்ள சைக்கிள். நாங்க நல்லதைக் குடுத்தா, கேட்டது ஒண்ணு குடுத்தது ஒண்ணுன்னு ஆகிடாதா? உலகத்துல எல்லா ஏமாத்தும் அப்படித்தானே ஆரம்பிக்குது?" என்றான் உத்தண்டி.

"சரி, படத்தைப் பாருங்க. படத்துல சீட் கிழியலையே. படத்துல உள்ளபடிதானே நீங்க குடுக்கணும்?"

மூவரும் செல்போனைச் சுற்றிக் கூடினார்கள். எழுத்துப்படி சீட் கிழிந்திருக்க வேண்டும், படத்தின்படி கிழியக் கூடாது. செண்பகவல்லிக்கு உள்ளுக்குள் கோப்பை கையில் வந்த மாதிரி இருந்தது.

"அடிப்பக்கம் கிழிங்க" என்றாள் காத்தாயி. "படத்துல அடிப்பக்கம் தெரியலையே."

கத்தி சீட்டின் அடிப்பக்கத்தில் ஒரு ஜாண் நீளத்துக்கு இறங்கியது.

"படத்தைப் பாக்கச் சொன்னீங்களே, புண்ணியவதி" என்று உத்தண்டி மனம் நெகிழ்ந்து சொன்னான். "பாக்கலைன்னா படத்துல கேரியர் மேல கோழி உக்காந்திருக்கறதைக் கவனிச்சிருக்கவே மாட்டோம்."

கோழியைத் துரத்திப் பிடித்து வந்து கேரியரில் கட்டினார்கள். அது படத்தில் இடது பக்கம் பார்த்திருந்தது. இப்போது வலது பக்கம் பார்த்தது. அதைத் திருப்பி வைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

"அண்ணே, இந்த ஓரத்துல ஒரு முழங்கை தெரியுது" என்றான் சடையன்.

மூவரும் தத்தம் முழங்கையைப் படத்தோடு வைத்து ஒப்பிட்டார்கள். சடையனுடையது என்று தீர்ப்பானது. அவன் உள்ளே போய் ஒரு பையில் வேட்டி துண்டு எடுத்து வைத்துக்கொண்டு வந்தான்.

"எங்க போறீங்க?"

"உங்களோடதான். படத்துல இருக்கேனே."

"அது பெண்கள் விடுதி. ஆம்பளைங்களை உள்ள விட மாட்டாங்க."

"நான் எதுக்கு உள்ள வர்றேன்? வெளியே நின்னுக்கிட்டு முழங்கையை மட்டும் ஜன்னல் வழியா நீட்டிக்கறேன்."

செண்பகவல்லி கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை அவள் செய்த ஒவ்வொரு வாதமும் அவளுக்கே எதிராகத் திரும்பியிருந்தது. இவர்களைச் சட்டத்தால் மடக்க முடியாது, இவர்களுடைய யோக்கியத்தனத்தாலேயேதான் மடக்க வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, விளம்பரத்துல எழுதினபடி சைக்கிள் இருக்கணும். அதானே உங்க கொள்கை?"

"அதேதான்."

"இந்த விளம்பரத்தை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு போடுங்க. மணி கணீர்னு அடிக்கும், ரெண்டு பிரேக்கும் பிடிக்கும், சீட்ல கிழிசலே கிடையாதுன்னு எழுதுங்க. அப்புறம் சைக்கிள் எப்படி இருக்கணும்?"

உத்தண்டி திடுக்கிட்டு எழுந்தான். "அப்படி எழுதிட்டா அப்படித்தானே இருந்தாகணும்?"

"குறைக் கட்டத்துல என்னத்தைப் போடறது?" என்று காத்தாயி கவலைப்பட்டாள்.

"'ஓட்டத் தெரியாதவங்ககிட்ட இருந்தது'ன்னு போடுங்க அண்ணி. அது உண்மைதானே?" என்றாள் செண்பகவல்லி.

எழுதி முடித்த மறுகணமே வீடு பரபரத்தது. மணியிலிருந்து களிமண்ணைக் கழுவி எடுத்தார்கள். சடையன் டவுனுக்கு ஓடிப் புது பிரேக் கம்பி வாங்கி வந்தான். தைத்த சீட் கிழியாத சீட் ஆகுமா என்று விவாதித்து, ஆகாது என்று கண்டு, மறுபடி ஓடிப் புது சீட்டே வாங்கி வந்தான். புதுப் படம் எடுக்கும்போது கோழியைக் கூடையில் கவிழ்த்தார்கள். சடையன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தெருக்கோடியில் போய் நின்றான்.

இதற்குள் மதியம் ஆகிவிட்டது. காத்தாயி கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். செண்பகவல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவர்களுக்கு 'அம்மா, நீங்க' ஆக இருந்தவள் மோர் ஊற்றுவதற்குள் 'தங்கச்சி, நீ' ஆகிவிட்டாள்.

ஒரு நாள் ஏலமாகப் போட்டார்கள். சைக்கிள் வாசலில் கண்ணைப் பறித்தது. செண்பகவல்லி ஏலம் கேட்கச் செல்போனில் விரலை வைக்கப் போனாள். சடையன் குறுக்கே கையை நீட்டினான்.

"தங்கச்சி, இரு. இங்க ஒரு விதி போட்டிருக்கு."

காத்தாயி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "விற்பவரின் உறவினர்கள் அந்தப் பொருளுக்கு ஏலம் கேட்பது நேர்மையற்றது."

"நான் உங்களுக்கு உறவே இல்லையே."

"எங்க வீட்ல கை நனைச்சிருக்கே. என்னை வாய் நிறைய அண்ணேங்கறே. இவளை அண்ணிங்கறே" என்றான் உத்தண்டி.

"அது ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டது."

காத்தாயியின் முகம் சுருங்கிவிட்டது. "மரியாதைக்குத்தானா?" என்று கேட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இல்ல அண்ணி, நெசமாத்தான் கூப்பிட்டேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் செண்பகவல்லி. வழக்கு அத்தோடு முடிந்தது.

"திங்கட்கிழமை காலையில நான் வகுப்புல இருக்கணும்ணே. எனக்கு வேற என்னதான் வழி?"

மூவரும் வேப்பமரத்தடிக்குப் போய் நெடுநேரம் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து, உத்தண்டி அவள் எதிரே உட்கார்ந்து இதமாகப் பதில் சொன்னான்.

"மனசை விடாதே தங்கச்சி. ஏலம் முடிய நாளைக்கு மதியம் வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள நாம சண்டை போட்டு உறவை முறிச்சுக்கலாம். ஆனா காரணம் இல்லாம சண்டை போடறது நேர்மை இல்லை பாரு. அதனால நிதானமா யோசிச்சுச் சொல்லு. காலையிலேருந்து எங்களால உனக்கு, சின்னதாவாவது, ஏதாவது மனக்கஷ்டம் உண்டா?"