கீரி மென்ற வேர்

ஒரு பாறைக்காட்டில் செம்பட்டை என்ற கீரி இருந்தது. அந்தக் காட்டில் அதற்கு இருந்த மரியாதை யானைக்குக்கூடக் கிடையாது. காரணம் ஒரு வேர்.

செம்பட்டை பாம்போடு சண்டை போடும். கடி வாங்கும். நேராகப் பொந்துக்கு ஓடும். அங்கே வைத்திருக்கும் வேரில் ஒரு துண்டை எடுத்து மெல்லும். கொஞ்ச நேரத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு தடவை இல்லை, பல தடவை. காடே வேடிக்கை பார்த்திருக்கிறது.

"இந்த வேர் இருக்கிறவரைக்கும் விஷம் என்னை ஒண்ணும் பண்ணாது" என்று அது சொல்லும். பீற்றல் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியது.

அந்த வேரைத் திருடித் தின்றது குத்தூசி என்ற முள்ளம்பன்றி. திருட்டுதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. அதற்கு மூன்று நாளாக வயிற்றுவலி. கூடவே பசி. செம்பட்டை வெளியே போன நேரம் பார்த்துப் பொந்துக்குள் தலையை விட்டது. இருந்த நாலு துண்டும் காலி. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வேலிக்காத்தான் முள்மரத்தின் வேரில் அதே அளவில் நாலு துண்டுகளைக் கொறித்து எடுத்து அங்கே வைத்தது.

மறுநாளே செம்பட்டை நாகத்திடம் கடி வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. குத்தூசிக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. சொல்லலாமா? வாய் வரவில்லை. செம்பட்டை வேலிக்காத்தானை நறநறவென்று மென்றது. குத்தூசி புதருக்குள் நின்று அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் செம்பட்டை மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எப்போதும் போல.

'அப்பாடா, தப்பிச்சோம்' என்று குத்தூசி நினைத்தது. அன்றைக்கு அதற்குமேல் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் குட்டை வற்றிப்போனது. இனி தண்ணீர் என்றால் பாறைச் சுனைதான். போகிற வழியிலே நாகத்தின் புற்று. தும்பை என்ற முயலுக்கு நாலு குட்டிகள். கடைக்குட்டி தாகத்தில் தள்ளாடியது. செம்பட்டைக்கு மனசு கேட்கவில்லை. புது வேரைத் தோண்டிக்கொண்டு வந்து கொடுத்தது.

"ஆளுக்கு ஒரு துண்டு கன்னத்துல அடக்கிக்கங்க. பாம்பு கடிச்சா மெல்லுங்க. அவ்வளவுதான்."

முயல்கள் கன்னம் உப்ப வரிசையில் நின்றன. பார்த்துக்கொண்டிருந்த குத்தூசிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் ஐந்து உயிர் போகும்.

"நில்லுங்க! அந்த வேரை நம்பிப் போகாதீங்க."

"உனக்கென்னடா வந்துச்சு?" என்றது செம்பட்டை.

"அண்ணே, போன வாரம் நீ மென்னது இது இல்ல. உன் வேரை நான் தின்னுட்டேன். நான் வச்சது வேலிக்காத்தான்."

செம்பட்டையின் வால் விடைத்தது. "திருட்டுப் பயலே, நான் செத்திருந்தா?"

"செத்திருந்தா நான்தான் கொன்னவன். என்ன தண்டனைன்னாலும் குடு. ஆனா நீ சாகலையே. இந்த வேர் இல்லாமலே பிழைச்சியே. அதைத்தான் சொல்றேன்."

செம்பட்டையின் வால் தாழ்ந்தது. "அன்னைக்குக் கசப்பு கம்மியாத்தான் இருந்துச்சு. பழைய வேர்னு நினைச்சேன்."

"கடி வாங்கினப்புறம் ஒரு நாளாவது வேர் தின்னாம இருந்து பார்த்தியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப வேர்தான் காப்பாத்துச்சுன்னு எப்படித் தெரியும்? விஷத்தைத் தாங்குறது உன் உடம்பு அண்ணே. முயலுக்கு ஏது அந்த உடம்பு?"

தும்பை வேரைத் துப்பியது. "நல்லாப் பேசுறீங்க ரெண்டு பேரும். என் பிள்ளைங்களுக்குத் தண்ணி?"

செம்பட்டைக்கு அவமானம்தான். ஆனாலும் வீம்பு பிடிக்கவில்லை. "வேர் கிடக்கட்டும். நான் முன்னால நடக்கிறேன். என்னைத் தாண்டித்தான் அந்தப் பாம்பு உங்களைத் தொடணும்."

புற்று வந்தது. நாகம் படமெடுத்தது. முன்னால் நின்ற கீரியைப் பார்த்தது. படத்தைச் சுருக்கிக்கொண்டு புற்றுக்குள் போய்விட்டது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன.

திரும்பும்போது குத்தூசி மெல்லச் சொன்னது. "அண்ணே, அந்த வேரைத் தின்ன அன்னைக்கே என் வயித்துவலி நின்னுடுச்சு."

"பார்த்தியா என் வேரை!"

"அவசரப்படாதே. அது தானாவும் நின்னிருக்கலாம்."

"சரி, இதுதான் உனக்குத் தண்டனை. நீயே தோண்டு, நீயே கண்டுபிடி."

குத்தூசி தோண்டியது. வயிற்றுவலி என்று வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டது: "சிலருக்குக் கீரி வேர், சிலருக்கு வேலிக்காத்தான். யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டேன். சம்மதமா?" சம்மதித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. வேலிக்காத்தான் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிடந்தார்கள். கீரி வேர் தின்றவர்களில் அநேகம் பேர் எழுந்து நடந்தார்கள். அப்புறம் வேரின் தோலைத் தனியாக, உள்கட்டையைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தது. குணம் முழுக்கத் தோலில் இருந்தது. உள்கட்டை வெறும் சக்கை.

இப்போது அந்தக் காட்டில் வயிறு வலித்தால் வேர்த்தோல், புற்றைத் தாண்டக் கீரி.

மருந்து தின்றவன் பிழைத்தான் என்றால் மட்டும் போதாது, தின்னாதவன் என்ன ஆனான் என்றும் பார்த்த பிறகே அதை மருந்து என்று சொல்ல வேண்டும்.