டாப்சன் துரையால் நிற்க முடியாது

மார்கழி மாதம் பன்னிரண்டாம் நாள், காலை எட்டு மணி இருபது நிமிடம். பனி இன்னும் விலகவில்லை. அரண்மனை வாசலில் கட்டிய வாழைமரங்களில் குலை மட்டுமே தெரிந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து டாப்சன் துரையின் மோட்டார் வந்து நின்றது. 'நின்றது' என்ற சொல்லை இப்போதெல்லாம் மிகுந்த எச்சரிக்கையோடுதான் எழுதுகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

திருமலைக்கொழுந்து ராஜாவின் சமஸ்தானத்தில் நான் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர். சென்னைக் கல்லூரியில் பி.ஏ. படித்து, இலக்கணத்துக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கியவள். வருகிற கடிதங்களைத் தமிழாக்கிச் சபையில் நின்றபடி படித்துக் காட்டுவது என் உத்தியோகம். அந்தச் சபையில் ராஜாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. பதினொரு வருடங்களில் என் இங்கிலீஷ் வளர்ந்ததோ இல்லையோ, முழங்கால் வலி நன்றாக வளர்ந்தது.

மெயில் வண்டி எங்கள் ஊரில் நிற்காமல் போவது ராஜாவுக்குத் தீராத குறை. அதை நிறுத்தும் அதிகாரம் ரயில்வேயின் டாப்சன் துரைக்கு இருந்தது. ஒன்பது நாளைக்கு முன் அவர், வருகிறேன் என்று கடிதம் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். நாகஸ்வரத்தைத் தம்மால் 'ஸ்டாண்ட்' செய்ய முடியாதாம். ஸ்டாண்ட் என்றால் நில். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நாகஸ்வரம் வாசிக்கையில் துரையால் நிற்க முடியாது என்று சபையில் படித்தேன். பாவம், முழங்கால் வலியாக இருக்கும் என்று விளக்கமும் சேர்த்தேன். என் முழங்காலைக் கழற்றித் துரைக்கு மாட்டிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ராஜா இளகிப்போனார். நிற்க முடியாதவர் சௌகரியமாக உட்கார்ந்து கேட்கட்டும் என்று, நாகஸ்வரக்காரர் வேலாண்டிக்கு இரண்டடி தூரத்தில் வெல்வெட் நாற்காலி போடச் சொன்னார். கால் வைக்க மணையும் நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன்.

துரை அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம், வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்று நானே அமர்த்தினேன். முகம் செந்தூரமாயிற்று. இசையில் உருகுகிறார் என்று ராஜாவிடம் சொன்னேன். கடைசியில், சாப்பிடாமல், ரயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், தம் கடிதத்தை இங்கே யாராவது படித்தார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மோட்டாரில் ஏறினார்.

அப்போதுதான் ராயசம் அனந்தராயர் தொண்டையைச் செருமினார். தமிழ்க் கடிதங்களை எழுதுகிறவர். என் இடத்தில் தம் மருமகனை வைக்க நெடுநாளாகக் காத்திருந்தவர்.

"அம்மா பி.ஏ. படிச்சவங்க. நான் வாயைத் திறக்கலாமா? ஸ்டாண்டுன்னா சகிச்சுக்கறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்காம். துரைக்கு நாகஸ்வரம்னாலே சகிக்காதுன்னுதான் எழுதியிருக்கார்."

கடிதம் வந்த அன்றே அவர் அகராதியைப் பார்த்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

ராஜா என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"எஸ்தரம்மா, இனிமே நீங்க என் சபையில நிக்கக் கூடாது."

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். பதக்கத்தைத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். வெளியே தெரிய வைக்கக் கூச்சமாக இருந்தது. ராஜா சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை இங்கிலீஷில் பெயர்த்துப் பார்த்தேன். பழக்கதோஷம். பெயர்த்ததும் பெட்டியை மூடிவிட்டு எழுந்தேன்.

மாலை ஐந்து மணிக்குச் சபை கூடியது. வாசலில் கிடந்த அதே வெல்வெட் நாற்காலியை நானே இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கல் தரையில் அது போட்ட சத்தத்தில் பேச்சு அடங்கியது. வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் அதைப் போட்டு, உட்கார்ந்தேன்.

அனந்தராயர் பதறிப்போய் ராஜாவைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"உத்தரவுப்படி வந்திருக்கேன், மகாராஜா. இனிமே சபையில நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"நிக்கக் கூடாதுன்னா, வரவே கூடாதுன்னு அர்த்தம்."

"அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கா, மகாராஜா? நான் எப்பவும் முதல் அர்த்தத்தோட நிறுத்திக்கிறவளாச்சே."

ராஜாவின் மீசை முதலில் அசைந்தது. பிறகு தோள். பிறகு தலைப்பாகை சரிந்து மடியில் விழுமளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உத்தரவு உத்தரவுதான், அம்மா இனி நிற்கவே வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை, எந்த வெள்ளைக்காரரும் இப்படி அசையாமல் உட்கார்ந்து தம் வாசிப்பைக் கேட்டதில்லை என்று வேலாண்டி கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜா துரைக்கு மன்னிப்புக் கடிதம் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் வேறு அர்த்தம் உண்டா என்று கேட்டு என்னைத் தவிக்கவிட்டார். இருபத்திரண்டு வருடங்களாக நின்றிருக்கும் அனந்தராயர் என் நாற்காலிப் பக்கம் குனிந்து, தமக்கும் செய்யத் தகுந்த பிழை ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார். நான் உட்கார்ந்தபடியே அகராதியைத் திறந்தேன். ஸ்டாண்டுக்கு முழுதாக இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிப் பதக்கக்காரி படித்திருந்தது முதல் வரியை.

ஒன்பதரை மணிக்கு மெயில் வண்டி வந்தது. அதற்கு எந்த அர்த்தத்திலும் நிற்கத் தெரியவில்லை.