நிபுணர் முகர்ந்த கிளாஸ்

ஒயினை ருசி பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டும் ரங்கபாஷ்யம், புதுச்சேரியில் ஒரு ஓட்டலுக்கு வந்து முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தார். "கிளாஸ் எங்கே? சீக்கிரம்!" என்று அவர் போட்ட சத்தத்தில், முருங்கைக்கீரை போட்டு நெய் உருக்கிக்கொண்டிருந்த சமையல்காரி செசிலி, சட்டியை இறக்கிய துணியாலேயே ஒரு கிளாஸைத் துடைத்து நீட்டினாள்.

அவர் வெள்ளை ஒயினை ஊற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளேயே விட்டார்.

"ஆஹா! வெண்ணெய், வறுத்த முந்திரி, ஏதோ ஐரோப்பியப் பச்சிலை! இதுக்குப் பொருத்தமா இவளால ஒண்ணும் சமைக்க முடியாது. முதலாளி, நாளைக்கே வெளிநாட்டுச் சமையல்காரரை வச்சுக்குங்க."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று உள்ளே போன செசிலி, நெய்ச்சட்டியின் அடியில் தங்கிய கசண்டிலும் கீரையிலும் சுடுசோற்றைப் பிசைந்து கொண்டுவந்தாள்.

ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு ஒயின். ரங்கபாஷ்யம் துள்ளிவிட்டார். "அதே வாசனை! அச்சு அசல்! எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"நெய்த்துணியாலதான் சார் உங்க கிளாஸைத் துடைச்சேன்."

முதலாளி சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செசிலி கழுவிய கிளாஸ் ஒன்றை நிபுணர் முன்னால் வைத்தாள்.

"இதுல ஊத்திப் பாருங்க சார். இதுவரைக்கும் பேசினதெல்லாம் எங்க நெய்தான். ஒயின் இன்னும் வாயே திறக்கல."