டாக்டர் சாப்பாடு

வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. இசக்கியம்மாள் தன் பேராசிரியரின் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

பேராசிரியர் சுலோசனா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நான்கே வரி. குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தேர்வை மூன்று மாதம் தள்ளிவைத்து உதவ வேண்டும் என்று எழுதியிருந்தது.

"ஆறு வருஷம் ஆச்சு, இல்லையா?"

"ஆமா மேடம்."

"தேரிக்காட்டுச் செம்மணல்ல வெயிலோட வெயிலா உக்காந்து வேர் வேராத் தோண்டி அளந்திருக்கே. ஆய்வேட்டைப் படிச்சவர் ஒரு குறைகூட எழுதலை. வெள்ளிக்கிழமை வந்து நின்னு பேசணும். அவ்வளவுதானே மிச்சம்?"

இசக்கியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"குடும்பச் சூழ்நிலைன்னா என்ன?"

"அப்பா போயிட்டாங்கல்லா மேடம்."

"தெரியும். எடுக்கிற அன்னைக்கு வந்திருந்தேன். அதுக்காக மூணு மாசம் கேக்கிறியா?"

பேராசிரியர் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"அந்தத் துக்கம் மூணு மாசத்துல முடியாதும்மா. இது வேற என்னவோ."

அப்போது துறை உதவியாளர் சுடலைமணி தேநீரோடு உள்ளே வந்தார். முப்பது வருடமாக அந்தத் துறையில் தேநீர் கொடுப்பவர்.

"அப்பா பதினாறாம் நாள் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா பாப்பா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அதே மூச்சில், "வெள்ளிக்கிழமை என்ன, பிரியாணியா, இலைச் சாப்பாடா? போன தடவை அந்த மாரிச்செல்வம் ஆளுக்கொரு புளிச்சாதப் பொட்டலம் கையில குடுத்துட்டுப் போனான். இன்னைக்கும் அவனுக்கு இங்க பொட்டலம் டாக்டர்னுதான் பேரு" என்றார். தானே சிரித்துக்கொண்டு வெளியே போனார்.

பேராசிரியர் தேநீரைத் தொடவில்லை.

"இதுதானா?"

"ஆமா மேடம்" என்றாள் இசக்கியம்மாள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வை முடிப்பவர் தேர்வன்று அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு போட வேண்டும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்குக் கார், விடுதி அறை. அவருக்கும் வழிகாட்டிக்கும் சால்வை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நினைவுப் பொருள். எந்த விதியிலும் இது எழுதப்படவில்லை. செய்யாமல் விட்டவரும் இல்லை.

இசக்கியம்மாளின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டியவர். மகள் ஆய்வில் சேர்ந்த இரண்டாம் வருடம் இதைக் கேள்விப்பட்டார். அன்றே ஒரு சீட்டில் சேர்ந்தார். கட்டணம் என்றும் ஆய்வேட்டுக்கு அச்சுக்கூலி என்றும் கட்டுக்கூலி என்றும் எதற்கெதற்கோ பணம் போனது. அதற்கெல்லாம் அவர் வேறெங்கோ புரட்டினார். அந்தச் சீட்டை மட்டும் தொடவில்லை. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். டாக்டர் சாப்பாடு.

"வேண்டாம்ப்பா, இது வெட்டிச் செலவுன்னு சொன்னேன் மேடம். 'ஏட்டி, கல்யாணச் சாப்பாடுதான் போட விடமாட்டேங்கே, இதையாவது போட விடு'ன்னுட்டாங்க. போன மாசம் சமையல் பண்ற தவசிப்பிள்ளை வீட்டுக்கே போய் அட்வான்ஸ் குடுத்து, என்னென்ன வைக்கணும்னு ஒண்ணு விடாம சொல்லிட்டு வந்தாங்க."

"அப்புறம்?"

"மார்க்கெட்டுல மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. ஆஸ்பத்திரியில ஒண்ணரை நாள். சீட்டுப் பணத்துல பாதி அங்கேயே போச்சு. மீதி பதினாறாம் நாளுக்கு. இப்போ கையில ஒண்ணும் இல்ல மேடம். லோடு ஆட்டோவை வித்துட்டா மூணு மாசத்துல ஏதாவது பண்ணிருவேன்."

பேராசிரியர் எழுந்து, மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார்.

"இங்க வா."

மேல் தட்டு முழுவதும் சால்வைகள். மடிப்புக் கலையாமல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சிலவற்றில் விலைச் சீட்டு அப்படியே இருந்தது. பச்சை, மெரூன், பொன் நிறம். அந்துருண்டை வாசனை அறைக்குள் பரவியது.

"எண்ணு."

அவள் எண்ணினாள். "இருபத்திரண்டு, மேடம்."

"இருபத்திரண்டு பேர் எங்கிட்ட முடிச்சிருக்காங்க. இதுல ஒண்ணையாவது நான் போத்திப் பாத்திருக்கியா?"

"இல்ல மேடம்."

"இந்த ஊர்ல யாரு சால்வை போத்துவா?"

இசக்கியம்மாள் லேசாகச் சிரித்துவிட்டாள். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"கீழ்த் தட்டுல ஒரு புத்தகம் இருக்கு. எடு."

கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடு. முதுகில் தங்க எழுத்து மங்கியிருந்தது. ஜெபக்கனி என்று பெயர். இசக்கியம்மாள் அந்தப் பெயரைத் துறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"திறந்து பார்."

முதல் பக்கத்தில் ஒரு கடிதம் செருகியிருந்தது. தாள் ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுதியது. தவிர்க்க முடியாத செலவு ஒன்று வந்துவிட்டதால் மூன்று மாத அவகாசம் வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே பச்சை மையில், 'அனுமதிக்கலாம்' என்று எழுதி ஒரு கையெழுத்து. இசக்கியம்மாளுக்கு அந்தக் கையெழுத்து தெரியும்.

"இவங்க எப்போ முடிச்சாங்க மேடம்?"

"முடிக்கலை."

"ஏன்?"

"தெரியாது. கடற்கரைப் பக்கம் ஊர். மூணு மாசம் ஆச்சு. அப்புறம் ஒரு வருஷம் ஆச்சு. லெட்டர் போட்டேன், திரும்பி வந்துடுச்சு. இப்போ பதினோரு வருஷம்."

"என்ன செலவுன்னு நீங்க கேக்கலையா?"

"கேக்கலை. மத்தியானம் வேறொரு பையனோட வைவா தேர்வு. சாப்பாடு ஆறிடும்னு கூப்பிட வந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே சுடலைமணி யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது.

"நல்ல சாப்பாடு. இன்னைக்கும் ஞாபகம் இருக்கு" என்றார்.

இசக்கியம்மாள் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டினாள். கடற்பாசிகளைப் பற்றியது. ஒரு பக்கத்தில் பென்சிலால் யாரோ ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார்கள். தேர்வன்று சொல்வதற்காகத் திருத்தி வைத்ததாக இருக்கும்.

அவள் அதை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பேராசிரியர் சால்வைகளில் மெரூன் நிறத்தில் ஒன்றை உருவி, விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு அவள் கையில் கொடுத்தார்.

"தேர்வாளருக்கு. அவர் ரயில்ல வரட்டும். நான் என் வண்டியில போய்க் கூட்டிட்டு வர்றேன். எங்க வீட்டு மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"துறையில இருக்கிறவங்க?"

"அவங்களுக்கென்ன?"

"வர்றவங்களுக்கு என்ன மேடம் குடுக்கிறது?"

"கேள்வி கேப்பாங்க. பதில் குடு."

"பேசுவாங்க மேடம்."

"பேசுவாங்க. பொட்டலம் டாக்டர்னு பேசினாங்க இல்லையா? அதுலயும் டாக்டர்னு ஒரு வார்த்தை இருக்கு."

இசக்கியம்மாள் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கடிதம் மேசைமேல் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"பணம் மட்டும்னா பரவாயில்ல மேடம்." அவள் சால்வையை மேசைமேல் வைத்தாள். "அப்பா கடைசியா ஆசைப்பட்டது அது ஒண்ணுதான். நாலு வருஷம் எங்க வீட்ல அந்தச் சாப்பாட்டைப் பத்தித்தான் பேச்சு. யார் யார் வருவாங்க, யாரு பந்தி பாக்கணும்னு. அந்தச் சாப்பாடு இல்லாம நான் அங்க போய் நின்னா, அவங்க ஆசையை மிதிச்சுட்டு நிக்கிற மாதிரி இருக்கும்."

பேராசிரியர் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பதினாறாம் நாள் சமையல் யாரு?"

"அதே தவசிப்பிள்ளைதான். அப்பா குடுத்த அட்வான்ஸ் அவர்கிட்ட இருந்துச்சு."

"என்ன வெச்சார்?"

இசக்கியம்மாள் யோசித்தாள். அன்று தான் சாப்பிட்டோமா என்பதே அவளுக்கு நினைவில்லை.

"அவியல். உளுந்த வடை. சிறுபருப்புப் பாயசம்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலை மேடம். எங்களுக்கு எதுவும் சொல்லத் தெரியலை. அப்பா சொல்லிட்டுப் போயிருந்ததை அப்படியே..."

அவள் நிறுத்தினாள்.

"எத்தனை இலை விழுந்துச்சு?"

"அறுபதுக்கு மேல."

பேராசிரியர் மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உங்கப்பா சாப்பாடு போட்டுட்டாரும்மா. நீதான் இன்னும் பேசலை."