லைனும் கம்பத்தடிச் சாவியும்

இந்தக் கதைய எனக்குச் சரியாச் சொல்ல வருமோ வராதோ பாப்பா. ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். இதுல ஒரு இங்கிலீஷ் சொல்லு வருது. அது இங்க ஒண்ணா இருக்கும், அங்க போனா வேற ஒண்ணா இருக்கும். நான் மாத்திச் சொல்லிட்டா எந்திரிச்சு உக்காந்து சிரிக்கக் கூடாது. நடுவுல ஒரு மனுசன் உசுரு இருக்கு, அதான் பயம். காலை நீட்டிப் படு. அத்தைக்கு 'ம்' மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு லைனு.

"கியூவா அத்தை?"

இல்ல, இது வீடு. ஒரே கூரைக்குக் கீழ ஒட்டி ஒட்டி எட்டு வீடு. லைன் வீடு. கடைசி வீட்டுல பவுனுத்தாயின்னு ஒருத்தி. யாரு எதக் கேட்டாலும் இல்லன்னு சொல்லத் தெரியாது. சீனி கேட்டா சீனி, சேலை கேட்டா சேலை. அவ புருஷன் சன்னாசி, லைன்மேன். இந்த லைனு கரண்டுக் கம்பி.

"ம்."

ஒரு நாள் விடியக்காலைல உய்ய்ய்னு காத்து அடிச்சு, மடமடன்னு மரம் முறிஞ்சு, புளியந்தோப்புக்கு அந்தப் பக்கம் கம்பி அந்து தொங்குது. அப்போ சன்னாசி கிளம்புனாரு. கூட வேலை பாக்குறவருக்குக் காய்ச்சல். சன்னாசி என்ன பண்ணாரு, வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற டிரான்ஸ்பார்மர்ல டக், டக், டக்னு மூணு பீஸ் கட்டையப் புடுங்குனாரு. வெள்ளைப் பீங்கான் கட்டை. அது வெளிய இருந்தா கம்பில கரண்டு இல்ல. திரும்பப் போட்டா, கம்பியத் தொட்டவன் அவ்வளவுதான். அதனால புடுங்குன கட்டையைக் கூட வர்ற ஆளு கையிலயே வச்சிருக்கணும். அன்னைக்கு ஆளு இல்ல. பொண்டாட்டி மடியில போட்டாரு.

"நான் இறங்கி வந்து கையை நீட்டுற வரைக்கும் யாருக்கும் குடுக்காத."

"யாரு கேட்டாலுமா?"

"செத்துப்போன எங்கப்பன் எந்திரிச்சு வந்து கேட்டாலும்."

போயிட்டாரு. அவரு ஏறுன கம்பம் இங்கேருந்து தெரியாது, தோப்பு மறைக்குது.

அப்புறம் பாத்தா, ஊரே கம்முனு ஆயிருச்சு. தண்ணி மோட்டார் நின்னு போச்சு, மாவு மில்லு நின்னு போச்சு. பவுனுத்தாயி மடியப் பாத்தா. இத்துனூண்டு மூணு கட்டை. இதுக்குள்ளயா இந்த ஊரு ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு அவளுக்கு ஆச்சரியமாப் போச்சு.

அப்போ தண்ணி லைன்லேருந்து பேச்சியக்கா வந்தா. இந்த லைனுதான் நீ சொன்ன கியூ.

"ஏ பவுனு, பதினெட்டுக் குடம் காத்துக் கெடக்கு. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணி இல்லடி. ஒரு பத்து நிமிசம் கட்டையைப் போடு."

"என் குடத்துல இருக்கறதத் தூக்கிட்டுப் போங்கக்கா. கட்டைய மட்டும் கேக்காதீங்க."

"எப்பலேருந்துடி நீ கலெக்டரு?"

"ம்."

அப்புறம் செருப்பு தட், தட்னு லைன் வீட்டு ஓனர் குருவய்யா வந்தாரு. மாவு மில்லும் அவருதுதான்.

"மெஷின்ல மாவு பாதில நிக்குது. நீ குடியிருக்கிற வீடு யாரோடது?"

"உங்களுதுங்கய்யா."

"அப்ப கட்டையக் குடு. இல்லன்னா சாயங்காலம் சட்டி பானையத் தூக்கிட்டுக் கிளம்பு."

அவ மடிய இழுத்து முடிஞ்சா, கட்டை மூணும் கிணிங் கிணிங்குது. "சாயங்காலம் கிளம்புறேங்கய்யா. அவரையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புறேன்"னா.

"ம்ம்..."

அப்புறம் மூணாவதா மளிகைக்கடை அண்ணாச்சி ஓடி வந்தாரு. "ஏ தாயி, போன்ல லைன்ல இருக்காங்க, கரண்டு ஆபீஸ்லேருந்து. உன்னையத்தான் கேக்குறாங்க."

போயி எடுத்தா. கர்ர்ர்னு ஒரு குரல். "ஏம்மா, உன் வீட்டுக்காரரு வேலைய முடிச்சு இறங்கிட்டாரு. கட்டையக் கடைக்காரர்ட்ட குடுத்துப் போடச் சொல்லு."

அவளுக்குப் போன உசுரு வந்துச்சு. கை மடிக்கே போயிருச்சு பாப்பா. அப்போதான் நெனச்சா. குரல் வந்துச்சு, கை வரலையே.

"ஐயா, நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"சொன்னாங்கம்மா."

"பாத்தவுகளை வரச் சொல்லுங்கய்யா"ன்னு வச்சிட்டா.

வெளிய வந்து தெருவுல நின்னா. தண்ணிக்கு நிக்கிறதும் லைனு, தான் குடியிருக்கிறதும் லைனு, குரல் வர்றதும் லைனு, அவரு தொங்குறதும் லைனு. எழுதினா ரெண்டே எழுத்து. அத்தனையும் வந்து தன் மடியில கெடக்குதேன்னு அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் பயமும் வந்துச்சு. மூணு பேருகிட்ட இல்லன்னு சொல்லிட்டா. நாலாவது ஆளு வந்து கேட்டா, சொல்றதுக்கு அவகிட்ட இன்னொரு 'இல்ல' மிச்சமில்ல.

"அக்கா"ன்னு பேச்சியக்காவைக் கூப்பிட்டா. "என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டுங்க. சாவிய அவரு ஏறுன கம்பத்துக்கு அடியில வச்சுட்டு வந்துருங்க."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு"ன்னா பேச்சியக்கா. ஆனா பூட்டுனா. க்ளக்.

சாவி போற பக்கமே எல்லாரும் போனாங்க. அக்கா வச்சதும் எடுத்துக்கலாம்னு ஓனரு முன்னால, அண்ணாச்சி பின்னால, குடத்தோட பொம்பளைக அதுக்கும் பின்னால. தோப்பைத் தாண்டுனாங்க. பேச்சியக்கா குனிஞ்சு சாவிய வச்சா. நிமிந்தா.

மேல சன்னாசி. இடுப்புக் கயித்துல சாஞ்சு தொங்குறாரு. ரெண்டு கையிலயும் வெறுங்கம்பி. இறங்கவே இல்ல பாப்பா. ஆபீஸ்காரங்க காதுல விழுந்தது வேற கம்பத்துலேருந்து இறங்குன ஆளப் பத்தி.

காத்துக்குப் புளிய இலை மட்டும் சலசலங்குது.

அவரு கீழ பாத்துட்டு, "என்ன, எல்லாரும் இங்க வந்து லைன் கட்டி நிக்கிறீங்க?"ன்னாரு.

ஓனரு செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. "ஒண்ணுமில்லப்பா. நீ மெதுவா பாத்து இறங்கு."

"..."

'ம்' வரலையே. தூங்கிட்டியா? இன்னும் கொஞ்சந்தான்.

உள்ள பவுனுத்தாயி மூணு கட்டையையும் அரிசிப் பானைக்குள்ள புதைச்சு, மூடி போட்டு, மூடி மேல ஏறி உக்காந்துட்டா. யாரு கதவத் தட்டுனாலும் வாயத் தொறக்கல. பொழுது உச்சிக்கு வந்தப்போ சன்னல் வழியா ஒரு கை வந்துச்சு. கரியும் கிரீசுமா, விரல்ல அவரோட பழைய தழும்பு. அப்பவும் அவ சட்டுன்னு குடுக்கல. அந்தக் கையப் புடிச்சுப் பாத்தா, உசுரோட கதகதன்னு இருக்கு. அப்புறந்தான் பானைய விட்டு இறங்குனா.

ஏறுனவரு இறங்கியாச்சு, கதையும் இறங்கியாச்சு. கண்ணை மூடு கண்ணு.