ரிப்பனுக்குக் காத்திருந்த ரத்தம்

கடற்கரை மாதா கோயிலும் டவுன் ஆஸ்பத்திரியும் சேர்ந்து இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைத்தன. "காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று பூசையில் பங்குச் சாமியார் அறிவித்தார். இருநூறு பேர் வந்தார்கள். நர்சுகளும் ஊசியோடு தயார். ஆனால் பெரிய டாக்டர் கருணாகரன் வந்து ரிப்பன் வெட்டும்வரை ஒரு சொட்டுக்கூட எடுக்கக் கூடாதாம். ரத்தத்துக்கு ரிப்பன் தெரியுமா?

மணி பத்தானது. மீன் விற்கும் லூர்தம்மாள் மயங்கி விழுந்தாள். வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பினார்கள். அதற்குமேல் யார் நிற்பார்கள்? எல்லோரும் திட்டிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்கள்.

பதினொன்றரைக்கு டாக்டர் போட்டோகிராபரோடு வந்து இறங்கினார். காலி நாற்காலிகளைப் பார்த்துக் கொதித்தார். எதிரே அகப்பட்டவன் கோயில் மணியடிக்கும் சந்தியாகு.

"யோவ், என்ன செய்வியோ தெரியாது. மணியை அடி! பத்து நிமிஷத்துல ஊரே இங்க நிக்கணும்!"

"எந்த மணின்னாலும் சரிங்களா ஐயா?"

"எதையாவது அடிய்யா!"

சந்தியாகு சாவுக்கு அடிக்கும் துக்க மணியை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அடித்தான். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஊரே ஓடி வந்தது.

"யாருடே செத்தது?"

"இன்னும் யாரும் சாவல," என்றான் சந்தியாகு, கயிற்றை விடாமல். "சர்க்கரை நோயாளிகளைப் பட்டினி போட்டுட்டு, ஐயா நாலரை மணி நேரம் கழிச்சு வந்திருக்காரு. அடுத்த மாச முகாமுக்கும் இவருதான் ரிப்பன் வெட்டுவாராம். அதான் இப்பவே அடிச்சுப் பழகுறேன்."