பொம்மைக்கு லீவு

"நான் சொல்லிக்குடுத்த எதையுமே இவங்க செய்யறதில்ல மேடம்" என்றார் ஜெசிந்தா. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சி தருகிறவர் அவர்தான்.

மேட்ரன் திலகவதி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பரீட்சையில எல்லாரும் நூத்துக்கு நூறு. வார்டுக்குப் போனா, 'சிஸ்டருங்க எங்க மூஞ்சியக்கூடப் பாக்கறதில்ல'ன்னு நோயாளிங்க புகார். இந்த மாசமும் புகார் வந்தா, பயிற்சிய வெளியாளுங்ககிட்ட குடுத்துடுவாங்களாம். இந்தப் பயிற்சியப் பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன் மேடம்."

சொல்லும்போதே குரல் உயர்ந்தது. அழுகையா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னும் என்ன பாடம் சேக்கணும், சொல்லுங்க."

மேட்ரன் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து பயிற்சி அறைக்கு நடந்தார். ஜெசிந்தா பின்னாலேயே ஓடினார்.

அங்கே கட்டிலில், எத்தனை ஊசி குத்தினாலும் முகம் சுளிக்காத ரப்பர் பொம்மை படுத்திருந்தது. மேட்ரன் அதைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"படும்மா."

"நானா?"

"பொம்மைக்கு இன்னிக்கு லீவு."

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மேட்ரன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ் சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"நோயாளிக்கு உடம்பு துடைச்சுவிடு. பரீட்சையில செஞ்ச மாதிரியே."

சங்கரேஸ்வரி கட்டிலருகே விறைப்பாக நின்று, மேட்ரனைப் பார்த்தாள்.

"நோயாளிக்கு வணக்கம் சொல்கிறேன்" என்றாள் மேட்ரனிடம். "செய்யப்போவதை நோயாளிக்கு விளக்குகிறேன். மறைப்புத் தட்டி வைக்கிறேன்."

தட்டி மூலையில் சாத்தியபடியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"தண்ணீரின் சூட்டை முழங்கையால் சோதிக்கிறேன்."

முழங்கை தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. காலையிலிருந்து ஏசியில் கிடந்த தண்ணீர். அதில் நனைத்த துணி ஜெசிந்தாவின் கழுத்தில் சப்பென்று விழுந்தது.

"ஐயோ மாதாவே!"

"நோயாளி சௌகரியமாக இருக்கிறாரா என்று கேட்கிறேன்" என்றாள் சங்கரேஸ்வரி, மேட்ரனிடம்தான்.

ஜெசிந்தா துள்ளி எழுந்தார். "எங்கடி கேட்ட? யாருடி உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

சங்கரேஸ்வரி மிரண்டுபோனாள்.

"நீங்கதான் மேடம். வாய்விட்டுச் சொன்னாத்தான் எக்ஸாமினர் மார்க் போடுவார்னு..."

"ஒண்ணு விடாம செஞ்சிட்டா" என்றார் மேட்ரன். "நூத்துக்கு நூறு."

ஜெசிந்தாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கழுத்துத் தண்ணீர் முதுகுக்குள் இறங்கியது. நாற்காலியில் இருந்த பொம்மையைச் சற்று நேரம் முறைத்தார்.

பிறகு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

"அடுத்த ஆளை வரச்சொல்லுங்க மேடம். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

மேட்ரன் சங்கரேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். போகிறபோது பொம்மையையும் தூக்கிக்கொண்டார்.

நர்ஸ் பெனிட்டா உள்ளே வந்து விறைப்பாக நின்றாள்.

"நோயாளிக்கு வணக்கம்..." என்று தொடங்கி நிமிர்ந்தாள். நாற்காலி இரண்டும் காலி. சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பார்க்க வேறு யாரும் இல்லாததால் கட்டிலைப் பார்த்தாள்.

"ஐயய்யோ, நடுங்குறீங்களே மேடம்! இருங்க, வெந்நீர் எடுத்துட்டு வரேன்."